அம்மா பிடித்திருந்த வயர்

இன்று காலை எங்கள் பள்ளி அலுவலகத்தில் புதிதாக வந்த ஒரு மானிட்டரைப் பழைய லேப்டாப்போடு இணைத்துக்கொண்டிருந்தார்கள். சாக்பீஸ் எடுக்கப் போன நான் கதவோரம் நின்றுவிட்டேன். கறுத்த திரையில் ஒரு சின்ன நீலப் பெட்டி மூலைக்கு மூலை நகர்ந்துகொண்டிருந்தது. அதற்குள் 'நோ சிக்னல்' என்ற இரண்டு சொற்கள். "டீச்சர், ஒங்களுக்கு இதெல்லாம் தெரியுமே, கொஞ்சம் பாருங்களேன்" என்றார் எழுத்தர். தெரியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினேன். உன்னிடம் பேச வேண்டும் என்று தோன்றியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உத்தமபாளையத்தில் நாம் இருவரும் ஒரே பெஞ்சில் படித்தோம். நீ கணினி டீச்சரானாய், நான் தமிழ் டீச்சரானேன். எனக்கு மெஷின் என்றாலே பயம். ஒவ்வொரு தடவை என் திரை கறுத்துப்போகும்போதும் உனக்குத்தான் போன் செய்வேன். நீ அவசரப்பட மாட்டாய். "சிக்னல் இல்லைன்னு அதுவே சொல்லுதுல்ல. அப்ப மானிட்டர் நல்லாருக்குடி. வர வேண்டியது வரல. வர்ற வழியப் பாரு" என்பாய்.

பிறகு உன் கைகள் தளர்ந்தன. சாக்பீஸ் நழுவியதில் தொடங்கியது, சோற்றுத் தட்டு நழுவியது, கால் போனது, கடைசியில் நாக்கும் போனது. நரம்பு ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வரும் நோய் என்று மதுரையில் சொன்னார்கள். மருந்து இல்லை என்றும் சொன்னார்கள். பேச்சு குழறத் தொடங்கிய நாட்களிலேயே நீ உன் அடுத்த குரலுக்கு ஏற்பாடு செய்துகொண்டாய். கட்டிலின் கால்மாட்டில் ஒரு பெரிய மானிட்டர். பக்கத்து மேசையில் உன் பழைய லேப்டாப். கீழே விழுந்து அதன் சொந்தத் திரை உடைந்து போயிருந்தது. உன் ஆள்காட்டி விரலுக்கடியில் ஒரு பொத்தான். திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக ஒளிரும். வேண்டிய எழுத்து வரும்போது அழுத்துவாய். அந்த விரலும் கண்ணிமையும்தான் உன்னிடம் மிச்சம் இருந்தன. ஆமாம் என்றால் ஒருமுறை கண்ணை மூடுவாய். இல்லை என்றால் மூடாமல் பார்ப்பாய்.

அந்த ஆடி மாதத்து மதியத்தை நீ மறந்திருக்க மாட்டாய். காற்று மேற்கு மலையிலிருந்து இறங்கிச் சின்னமனூர் வாழைத்தோட்டங்களைக் கிழித்துக்கொண்டிருந்தது. நான் உங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும், "பாளையத்துலருந்து இந்தக் காத்துல வந்தியா, ஆத்தா" என்று உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். மூச்சு உனக்கு மிகவும் குறைந்துவிட்டிருந்தது. தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து மெஷினில் இணைத்தால் இன்னும் கொஞ்ச காலம் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உன் அண்ணன் திருப்பூரிலிருந்து வந்து, தேனியில் ஆம்புலன்ஸ் பேசி, சாயந்தரம் உன்னைக் கூட்டிப்போவதாக இருந்தது. முடிவை நீயே சொல்ல வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நீ எழுதத் தொடங்கினாய். 'எனக்குத் தொண்டையில் குழாய் போட' என்பது வரை திரையில் வந்தது.

அப்போதுதான் சன்னல் கதவு படீரென்று அடித்து மேசையைத் தள்ளியது. அதே நொடியில் கரண்ட்டும் போனது. பேட்டரி செத்த லேப்டாப் உடனே அணைந்தது. கரண்ட் திரும்பியபோது லேப்டாப்பைப் போட்டேன். அதற்குள் விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. திரையில் நீலப் பெட்டி மட்டும் வந்தது. சிறிது நேரத்தில் அதுவும் போய்க் கறுத்துவிட்டது.

முப்பது பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுப்பவள் நான். நம் மொழியில் வாக்கியத்தின் பொருள் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். அன்று அந்தக் கடைசிச் சொல் வேண்டுமா, வேண்டாமா என்று தெரியாமல் கறுப்புத் திரைக்கு முன்னால் நின்றேன்.

அம்மா உன் முகத்தருகே குனிந்தார். "கண்ண மூடிக் காட்டு தாயி. கொழாய் போட்டுக்குவோமா?"

நீ மூடவில்லை.

"அப்ப வேணாங்கிறாளா?" என்று அம்மா என்னைப் பார்த்தார். நான் கேள்வியைத் திருப்பி, "வேணாமாடி?" என்றேன். அதற்கும் நீ மூடவில்லை. பார்வை எங்கள் இருவரையும் தாண்டி மானிட்டரிலேயே நின்றது. எதைக் கேட்டாலும் அங்கேயே. உன் சொல்லாகத்தான் சொல்வாய் என்று எனக்குப் புரிந்தது. அம்மாவுக்கும் புரிந்திருக்கும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டார்.

தேனியில் இருந்த சர்வீஸ்காரருக்குப் போன் செய்தேன். "வீரபாண்டிகிட்ட மரம் விழுந்து கெடக்கு மேடம். நாளைக்குத்தான் வர முடியும். வயரக் கழட்டி மாட்டுங்க, மானிட்டர் பட்டன்ல இன்புட்ட மாத்திப் பாருங்க" என்றார். கழற்றி மாட்டினேன். இன்புட்டை மாற்றினேன். ஒன்றும் இல்லை. வயர்தான் கெட்டுவிட்டதோ என்று முன்னறையிலிருந்து டிவியின் செட்டாப் பாக்ஸை வயரோடு தூக்கிவந்து மானிட்டரில் சொருகினேன். பளிச்சென்று ஒரு பட்டுப்புடவை விளம்பரம் ஓடியது. "வந்திருச்சு" என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "அது டிவிம்மா" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அதே வயரை லேப்டாப்பில் சொருகினேன். மறுபடியும் நீலப் பெட்டி. மானிட்டரும் நன்றாக இருக்கிறது, வயரும் நன்றாக இருக்கிறது. வர வேண்டியது வரவில்லை. உன் மூச்சு தொண்டையில் கரகரத்துக்கொண்டிருந்தது. உலகத்தில் இதைச் சரிசெய்யத் தெரிந்தவர்களில் ஒருத்தி என் எதிரே படுத்திருக்கிறாள், அவளிடம் கேட்கத்தான் வழி இல்லை என்று நினைத்தேன். பிறகுதான் வழி இருப்பது உறைத்தது. நீ பதில் சொல்லாமல் விட்டது அந்த ஒரு கேள்விக்கு மட்டும்தானே.

"லேப்டாப்லயா கோளாறு?"

கண்ணை மூடித் திறந்தாய்.

"கீபோர்டுல ஏதாச்சும் அழுத்தணுமா?"

மூடினாய்.

லேப்டாப்பைச் சாய்த்துக் காட்டி ஒவ்வொரு பட்டனாக விரல் வைத்துக்கொண்டே வந்தேன். அடிவரிசையில் விண்டோஸ் பட்டனில் கண் மூடியது. மேல்வரிசையில் பி எழுத்தில் மறுபடி மூடியது. ஒன்றை அழுத்திவிட்டு மற்றதை அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. "ரெண்டையும் சேத்தா?" மூடினாய். சேர்த்து அழுத்தினேன். பிறகு கீழ் அம்பு. பிறகு எண்டர். உடைந்த திரைக்குப் போய்க்கொண்டிருந்த படத்தை வெளித்திரைக்குத் திருப்புகிற வேலை அது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அண்ணன் அப்புறம் கேட்டார், இதே மாதிரி எழுத்து எழுத்தாக விடையை வாங்கியிருக்கலாமே என்று. இந்தச் சில பட்டனுக்கே உன் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போயிருந்தது. துடைத்தது நான்.

திரை ஒருமுறை மின்னியது. உன் எழுத்துக் கட்டங்கள் தெரிந்தன. அணைந்தது. மறுபடி மின்னி அணைந்தது. மேசை நகர்ந்ததில் லேப்டாப்பின் சொருகுவாய் ஆட்டம் கண்டிருந்தது. வயரை மேல்நோக்கி லேசாகத் தூக்கிப் பிடித்தால் படம் நின்றது. விட்டால் போனது. துணியை மடித்து வைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை.

"விடு, நான் பிடிச்சுக்கிறேன். நீ அவகிட்ட நில்லு" என்றார் அம்மா. சுவருக்கும் மேசைக்கும் நடுவில் நெருக்கி நின்று வயரைத் தூக்கிப் பிடித்தார். அங்கே நின்றால் திரையின் முதுகுதான் தெரியும்.

நீ முதலில் எழுதியது அழிந்துபோயிருந்தது. மறுபடியும் தொடங்கினாய். வரிசை ஒளிர்வதும் உன் விரல் காத்திருப்பதுமாக நேரம் போனது. வெளியே தென்னை மட்டை ஒன்று விழுந்த சத்தம் கேட்டது.

"என்ன எழுதுறா?"

"இன்னும் முடிக்கலம்மா."

"எழுதட்டும்."

'குழாய் வேண்டாம்' என்று வந்தது. எனக்கு அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் வாசித்தேன். அவருடைய கை ஆடியது. திரையும் ஒருமுறை ஆடியது. விட்டுவிட்டார் என்றே நினைத்தேன். மறு கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"முடிச்சிட்டாளா?"

"இல்லம்மா. எழுதுறா."

'பயந்து சொல்லவில்லை. மெஷினோடு கிடக்க மனசில்லை. வீட்டில் இருக்கிறேன். அம்மாவை ஒண்டியாக விட்டுப் போவதுதான் கஷ்டம்.' ஒவ்வொன்றாக வர வர வாசித்தேன். இவ்வளவையும் கண்ணிமையில் சொல்ல முடியாதுதான். கடைசியாக ஒரு வரி வந்தது: 'கை வலிக்கும், உட்காரச் சொல்லு.'

அம்மா உட்காரவில்லை. வீரபாண்டியில் மரத்தை வெட்டி வழிவிட்ட பிறகு, பொழுது சாயும் நேரம் அண்ணன் ஆம்புலன்ஸோடு வந்து, அம்மா கையிலிருந்த வயரைத் தான் வாங்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். முழுவதையும் படித்தார். வெளியே போய் ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பினார்.

புரட்டாசியில் நீ போனாய். வீட்டில்தான், அம்மா பக்கத்தில் இருக்கும்போது. அந்தக் கடைசி நாட்களின் மூச்சிரைப்பைக் கேட்டபோது, அன்று கரண்ட் வராமலே இருந்திருக்கக் கூடாதா, உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போட்டுக்கொண்டு போயிருப்போமே என்று நான் நினைத்தது உண்மை. நீ இருந்தால் திட்டியிருப்பாய்.

இப்போதும் சின்னமனூர் போய்வருகிறேன். அம்மா காப்பி போட்டுத் தருகிறார். குச்சனூர் கோயிலுக்குப் போய்வந்த சனிக்கிழமைகளில் பேச்சு இன்னும் குறைவு. நான் கிளம்பும்போது வாசல்வரை வருவார். ஒவ்வொரு முறையும் அங்கே நின்று கேட்பார்: "அன்னைக்கு அவ எழுதுனதச் சரியாத்தான வாசிச்ச, ஆத்தா?"

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. அண்ணனும் பார்த்தார் என்று அவருக்குத் தெரியும். வேறு ஏதாவது ஒரு சொல் வாசிக்காமல் விட்டுப்போயிருக்குமோ என்று தேடுகிறார். அப்படி ஒன்று என்னிடம் இருந்தால் அந்த வாசலிலேயே கொடுத்துவிடுவேன்.

"சரியாத்தாம்மா வாசிச்சேன்."

"இன்னொருக்காச் சொல்லு."

செருப்பை மாட்டிக்கொண்டு நின்றபடியே சொல்கிறேன். நீ எழுதிய வரிசையிலேயே, ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் குறைக்காமல்.