ரெண்டு கதவு வண்டி

பிப்ரவரி 3, சனி

இன்று செட்சுபுன், பேய் விரட்டும் பண்டிகை. வயதுக்கு ஒன்றாக வறுத்த சோயாக் கொட்டை தின்ன வேண்டும். நாற்பத்திரண்டையும் தின்று முடிப்பதற்குள் நாக்கு உலர்ந்துவிட்டது. வருஷா வருஷம் என் கணவன் ரியோஹெய் பேய் முகமூடி போட்டுக்கொண்டு வாசலில் நிற்பான், நான் கொட்டைகளை அவன்மேல் வீசி விரட்டுவேன். இந்த வருஷம் அவன் முகமூடியை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எழுத உட்கார்ந்தது அதற்கல்ல. சாயங்காலம் சூப்பர்மார்க்கெட் வாசலில் ஒரு சிவப்பு வண்டி நின்றது. இரண்டே கதவு, தரையோடு பதுங்கின மாதிரி. எண்பத்தாறு என்று எல்லாரும் சொல்வார்களே, பையன்கள் அகாகி மலைப்பாதையில் விரட்டிக்கொண்டு போவார்களே, அந்த வண்டி. ஆனால் சாவியோடு வந்தது என்னைவிடப் பத்து வயதாவது மூத்த ஒரு பெண். கையில் நீளமான வெங்காயத்தாள் கட்டு. அதைப் பக்கத்து சீட்டில் நிறுத்தி, அதற்கு பெல்ட்டும் போட்டுவிட்டு, கிளம்பிப் போய்விட்டாள். நான் தள்ளுவண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

வீட்டில் சொன்னேன். ஜூனில் நம் வேனுக்கு எஃப்.சி. வருகிறதே, அதற்குச் செலவழிப்பதற்குப் பதில் இந்த மாதிரி ஒன்று வாங்கினால் என்ன? ரியோஹெய் சிரித்தான். “பின்னாடி யாரு உக்காருவா?”

சொன்ன பிறகுதான் அது எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது. அவன் பாத்திரம் கழுவ எழுந்து போனான்.

பிப்ரவரி 5, திங்கள்

பனி கொட்டுகிறது. நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு இரண்டே பேர் வந்தார்கள். நாள் முழுக்க அந்தச் சிவப்பு வண்டி நினைப்பு. எனக்கு என்ன ஆயிற்று?

பிப்ரவரி 11, ஞாயிறு

ஷோரூம் போனோம். வேனில்தான் போனோம். மூன்று வரிசை சீட்டு, பக்கத்தில் தள்ளித் திறக்கும் கதவு. குழந்தைக்காகச் சிகிச்சை ஆரம்பித்த வருஷம் வாங்கியது. அதற்கப்புறம் ஆறு வருஷம் ஆஸ்பத்திரிக்கு அதில்தான் போய் வந்தோம். போன நவம்பரில் நிறுத்திவிட்டோம். டாக்டர் நிறுத்தச் சொல்லவில்லை. நாங்களாகத்தான் நிறுத்தினோம்.

விற்பனைக்காரர் குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டார். “ரெண்டு பேர்” என்றான் ரியோஹெய். முன்பெல்லாம் யார் கேட்டாலும் “இப்போதைக்கு ரெண்டு பேர்” என்பான். அந்த ‘இப்போதைக்கு’ எப்போது உதிர்ந்தது? நான் கவனிக்கவேயில்லை.

புது எண்பத்தாறு ஒன்று காட்சிக்கு நின்றது. ஆட்டோமேட்டிக்கும் உண்டாம், ஆனால் இலையுதிர் காலம் வரை காத்திருக்க வேண்டுமாம். விலை, இழுத்துப் பிடித்தால் எட்டும். ரியோஹெய் பின்சீட்டில் ஏறிப் பார்த்தான். முட்டி நெஞ்சில் இடிக்க, தலை கண்ணாடியில் ஒட்ட, மடித்து வைத்த நாற்காலி மாதிரி இருந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. அப்புறம் அது சிரிப்பாகவும் இல்லை. கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். ரியோஹெயும் விற்பனைக்காரரும் விலைப்பட்டியலைப் பார்க்கிற மாதிரி குனிந்திருந்தார்கள்.

வரும் வழியில் அவன், ஆட்டோமேட்டிக் என்றால் யோசிக்கலாம் என்றான். நல்ல பேச்சுதான். எனக்கு ஏன் பிடிக்கவில்லை?

பிப்ரவரி 18, ஞாயிறு

அத்தை, ரியோஹெயின் அம்மா, வந்திருந்தார். புது வண்டிப் பேச்சை ரியோஹெய்தான் எடுத்தான், ஏன் எடுத்தானோ. ரெண்டு கதவு என்றதும் அத்தை காபியைக் கீழே வைத்தார். “ரெண்டு கதவுல குழந்தைய எப்படிம்மா ஏத்தி எறக்குவ? குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போயிடும்.”

நான் அவனைப் பார்த்தேன். அவன் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான், அந்த வெள்ளை நாரையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு.

சிகிச்சையை நிறுத்தியதை அவன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. மூன்று மாதமாகச் சொல்லவில்லை! நான் சொல்லிவிடட்டுமா என்றால் வேண்டாம், நானே சொல்கிறேன் என்கிறான். வண்டி வாங்கினால் வாசலில் வண்டியே சொல்லிவிடும். அதனால்தான் அவனுக்கு வேண்டாமா? அதனால்தான் எனக்கு வேண்டுமா?

மார்ச் 2, சனி

அவனிடம் சொல்லாமல் போனேன்.

புறவழிச் சாலையில் பழைய வண்டி விற்கும் இடம். நடத்துவது நுமாஜிரி என்று ஒரு பெண்மணி. ஆண்கள் போடும் குளிர்கோட்டு, உரத்த குரல், வந்த நிமிஷத்திலிருந்து ‘வா, போ’தான். நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். அங்கே ஒரு எண்பத்தாறு, சிவப்பு, பத்து வருஷப் பழசு. கையால் கியர் போடுவது.

“கியர் வண்டி ஓட்டியிருக்கியா, இல்ல படம் புடிச்சு போட வந்தியா?”

அப்பா சாகே மதுக்கடை வைத்திருந்தபோது அவருடைய குட்டி லாரியில் புட்டிகளை வீடு வீடாகப் போட்டது நான்தான் என்றேன். சாவியை எடுத்து நீட்டினார்.

முதல் சிக்னலில் அணைந்துபோனது. இரண்டாவது சிக்னலிலும். அப்புறம் தோனே ஆற்றங்கரைச் சாலை. காற்று அகாகியிலிருந்து நேராக இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது கியர், மூன்றாவது. இடது கால், இடது கை, காது. வேறு எதுவும் இல்லை. திரும்பி வந்து நிறுத்தியபோதுதான், இவ்வளவு நேரம் நான் எதையும் நினைக்கவில்லை என்று தெரிந்தது. ஆறு வருஷத்தில் இப்படி ஒரு அரைமணி நேரம் இருந்ததில்லை.

பிடித்தது வண்டியா, அந்த நினைப்பில்லாத நேரமா? இரண்டும் ஒன்றுதானா? நினைப்பில்லாமல் இருப்பதற்கு வேறு வழியே இல்லையா?

மார்ச் 5, செவ்வாய்

சொல்லிவிட்டேன். ரியோஹெய் முதலில் அமைதியாகத்தான் கேட்டான். எந்த வருஷத்து வண்டி, எவ்வளவு ஓடியிருக்கிறது. அப்புறம் கியர் வண்டியா என்றான். ஆமாம் என்றேன்.

“எனக்கு ஆட்டோமேட்டிக் லைசென்ஸ்தான்னு தெரியும்ல உனக்கு? நான் தொடவே முடியாத வண்டியா பாத்துத் தேடினியா?”

எங்கள் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு வண்டிக்குத்தான் இடம். அவன் குடிநீர் அலுவலகத்துக்கு சைக்கிளில் போகிறவன்.

தேடினேனா? இல்ல. இல்லன்னுதான் நெனக்கிறேன். ஆறு வருஷமா அவன்தான ஓட்டினான் — ஆஸ்பத்திரிக்குப் போறப்பவும் வர்றப்பவும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு. அவன் ரோட்டப் பாத்துக்கிட்டு. ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்க வேண்டாம்ல, அதுக்கு அந்த வேன் ரொம்ப சௌகரியம். நான் ஓட்டறேன்னு ஒரு தடவையாவது சொன்னேனா? சொல்லியிருந்தா குடுத்திருப்பானா? தெரியல. எனக்கு எதுவுமே தெரியல.

மார்ச் 6, புதன்

பேசிக்கொள்ளவில்லை. உடோன் நூடுல்ஸ் செய்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

மார்ச் 9, சனி

நுமாஜிரி அக்கா போன் செய்தார். சைதாமாவிலிருந்து ஒரு பையன் நாளைக்கு வண்டி பார்க்க வருகிறானாம். உனக்கு வேண்டுமா வேண்டாமா, ஒரே வார்த்தை சொல் என்றார். அவனுக்கே கொடுத்துவிடுங்கள் என்றேன்.

“சரி. ஆனா அந்த ஒரு வார்த்தைய இவ்ளோ கஷ்டப்பட்டு சொல்றியே” என்று வைத்துவிட்டார்.

சரியாகத்தான் செய்தேன். அப்புறம் ஏன் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்?

மார்ச் 20, புதன்

சம இரவு-பகல் நாள், இறந்தவர்களைப் பார்க்கப் போகும் நாள். கல்லறைக்குப் போனோம். வேனில், ரியோஹெய் ஓட்ட. அத்தை விடியலிலேயே எழுந்து இனிப்புருண்டை பிடித்துக்கொண்டு வந்திருந்தார்.

மாமாவின் கல்லை அத்தை துடைத்தார், நான் பூ வைத்தேன். அத்தை வழக்கம்போலக் கை கூப்பி, வாய்விட்டே, இந்த வருஷமாவது ஒரு பேரப்பிள்ளையைக் காட்டுங்கள் என்று மாமாவிடம் கேட்டார். ரியோஹெய் கல்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். ஊற்றுவதை நிறுத்தாமலே சொன்னான்.

“அம்மா, நாங்க அத நிறுத்திட்டோம்.”

அத்தை துணியைப் பிழிந்தார். கல்லின் ஓரத்தில் பாசி இருந்தது, அதை நகத்தால் சுரண்டினார். சுரண்டிக்கொண்டே “எப்போ?” என்றார்.

“நவம்பர்ல.”

“புது வருஷத்துக்கு நான் கோயில்லேந்து தாயத்து கொண்டாந்தேனே. சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்ட.”

“ஆமா.”

திரும்பும்போது நடு வரிசை காலியாக இருக்க, அத்தை கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். இனிப்பு டப்பா அவர் மடியில் இருந்தது. யாரும் தொடவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது என் கையை ஒரு கணம் பிடித்தார். ஆறுதலா, தடுமாறாமல் இருக்கப் பிடித்தாரா என்று சொல்ல முடியவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

காலையில் ரியோஹெய் டோஸ்டில் வெண்ணெய் தடவிக்கொண்டே, “வாங்கிக்கோ” என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. வண்டி போன பிறகா சொல்கிறாய், நான்தான் விட்டுக்கொடுத்துவிட்டேனே என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அவன் கத்தியை வைத்துவிட்டான்.

“அம்மாகிட்ட சொல்லாத வரைக்கும் அது நடக்கலன்னே இருந்துச்சு, கனாயே. அந்த வண்டியப் பாத்தா நடந்துடுச்சுன்னு இருந்துச்சு. வண்டி மேல எனக்கு ஒண்ணும் இல்ல.”

எனக்கும் அந்த வண்டியைப் பார்த்தால் நடந்துவிட்டது என்றுதான் இருக்கிறது. அவனுக்கு அது பயம். எனக்கு? பெயர் தெரியாத ஏதோ ஒன்று.

மார்ச் 31, ஞாயிறு

இரண்டு பேருமாக நுமாஜிரி அக்காவிடம் போனோம். சிவப்பு போய்விட்டது. அந்த வாரம்தான் ஒரு கருநீலம் வந்திருந்தது, முன்பக்கம் ஒரு கீறல், அதே கியர் வண்டி. ரியோஹெய் கேட்காமலே இடது பக்கம் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டான். ஆற்றங்கரைக்குப் போனோம். இந்த முறை எல்லா நினைப்பும் வந்தது. பக்கத்தில் அவன் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. அந்த வெறுமையான அரைமணி நேரம் திரும்பவில்லை. ஏமாற்றமாக இருந்தது.

இருந்தும் கையெழுத்துப் போட்டேன். ஏன் போட்டேன் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. நுமாஜிரி அக்கா கேட்கவில்லை. வேனை அவரே எடுத்துக்கொள்கிறார்.

ஏப்ரல் 13, சனி

ஒரு வாரமாக நீல வண்டியில் வேலைக்குப் போகிறேன். கடையில் கூட வேலை செய்யும் இசூமி, இந்த வயசுல யாரக்கா உன்ன மயக்கினது என்கிறாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சந்தோஷமாக இருக்கிறேனா? காலையில் ஆமாம். சாயங்காலம் நிறுத்துமிடத்தில் அந்தப் பெரிய கட்டத்துக்குள் அது இவ்வளவு சின்னதாக நிற்பதைப் பார்த்தால் இல்லை.

ஏப்ரல் 16, செவ்வாய்

வேன் விற்றுவிட்டதாம். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. நுமாஜிரி அக்காவும் சொல்லவில்லை.

ஏப்ரல் 29, திங்கள்

அத்தை ஒரு மாதத்துக்குப் பிறகு வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றினார்.

“இதுல நான் எங்க உக்காரறது?”

“முன்னாடி, அத்தை.”

“அப்போ அவன்?”

“வீட்டுல.”

சிரிக்கவில்லை, ஆனால் ஏறிக்கொண்டார். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தபடி வந்தார். நாற்றுக்கடை போய்க் கத்தரி நாற்று வாங்கி, அவர் மடியிலேயே வைத்துக்கொண்டு திரும்பினோம். அவர் வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்த பிறகு சொன்னார்: “உன்மேல கோவமில்ல, கனாயே. யாரோ மேல கோவமா இருக்கு. யாருன்னுதான் தெரியல.”

எனக்கும் அப்படித்தான் அத்தை என்றேன். தலையாட்டிவிட்டு, நாற்றுகளை ஏந்திக்கொண்டு, உள்ளே போனார்.

ஜூன் 2, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

ஹருனா ஏரிக்குப் போகலாம் என்றது ரியோஹெய். இக்காஹோ தாண்டி ஏற்றத்தில் சாலை வேலை, ஒரு பக்கமாகத்தான் விடுகிறார்கள். எங்கள் முறை வந்தது. கிளட்சை விட்டேன், அணைந்தது. மறுபடி அணைந்தது. வண்டி பின்னால் ஒரு அடி வழுக்கியது. பின்னால் வரிசையாகக் கார்கள். ஒருவரும் ஹார்ன் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. என் கண் கலங்கிவிட்டது.

ரியோஹெய் கதவைத் திறந்து இறங்கினான். கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் நின்ற காரின் முன் போய் இடுப்பு வளைய ஒரு வணக்கம். அடுத்த காருக்கு ஒன்று. அதற்கடுத்த லாரிக்கு ஒன்று. நடுரோட்டில், மழைத் தூறலில், குடிநீர் அலுவலக அதிகாரி.

அப்போது நான் மறுபடி முயன்றதில் வண்டி கிளம்பிவிட்டது. நிறுத்தினால் மறுபடி வழுக்கும். நிறுத்த முடியவில்லை. அவன் நிமிர்ந்து பார்த்தான். இரண்டடி ஓடி வந்தான், அப்புறம் நின்றுவிட்டான். வளைவில் மறைந்துபோனான்.

மேலே ஏரிக்கரைச் சமதளத்தில்தான் நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை. அந்தப் பக்கம் இறங்கினால் அகாட்சுமா, அதற்கப்புறம் நாகானோ, அப்புறம் கடல். பெட்ரோல் நிறைய இருந்தது. போகலாம் என்று தோன்றியது — விளையாட்டாக இல்லை, நிஜமாகவே. கை கியரின்மேல் இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து அழுத வீடு, குழந்தைக்கென்று காலியாக வைத்திருந்த அந்த அறை, அவன் உரிக்கும் ஆரஞ்சு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு.

போகவில்லை. ஏன் போகவில்லை? பயமா, பாசமா, பழக்கமா, இதையும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வெகுநேரம் கழித்து அதில் தெரிந்தான். தலை நனைந்து, கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு. பின்னால் வந்த லாரிக்காரர் ஏற்றிக்கொள்கிறேன் என்றாராம். வேண்டாமென்று நடந்தே வந்தானாம். ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கினான்.

“நீ போயிடுவேன்னு நெனச்சேன்.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன்.”

அவன் என் பக்கம் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அவன் புருவத்தில் ஒரு நரைமயிர் இருப்பதை இன்றுதான் கண்டேன்.

கதவு சரியாகச் சாத்தவில்லை, மறுபடி சாத்து என்றேன். சாத்தினான்.