எட்டாத மேல்தட்டு

12-7-1968, வெள்ளி

ஓய்வுபெற்றபின் வீட்டிலேயே தொடங்கிய சமையலறை அலமாரித் தொழிலுக்கு முதல் ஆளாக இன்று மேலத்தெரு ஆச்சி வந்தார். மாதிரிக்காகத் தச்சரை வைத்து எங்கள் அடுப்படியில் செய்திருந்ததைத் திறந்து காட்டினேன்.

“மேல்தட்டு ஏன் காலியாக் கெடக்கு?”

என் மனைவி முந்திக்கொண்டாள். “எனக்கு எட்டாது ஆச்சி. இவுக தன் உயரத்துக்கு அளவெடுத்துட்டாக. இவுக அடுப்படிக்குள்ள வந்ததே அன்னைக்கு ஒருநாள்தான்.”

ஆர்டர் கைவிட்டுப் போயிற்று என்றே நினைத்தேன். கரும்பலகையைப் பையன்களுக்கு எட்டும்படி மாட்டச் சொல்லி முப்பது வருடம் சண்டை போட்டவன் நான்!

ஆச்சி சிரித்து ஓய்ந்து சொன்னார்: “எங்க வீட்டுக்கும் செய்ங்க வாத்தியாரய்யா. ஆனா அளவெடுக்க உங்க வீட்டம்மா வரட்டும். நீங்க கூட வந்து எழுதிக்கிருங்க.”

இஞ்சு டேப்பை அவள் அப்போதே இடுப்பில் செருகிக்கொண்டாள். எனக்குப் பென்சில் சீவும் வேலை.