எண்ணெய் தேய்த்துக்கொண்ட லாரி

பெரம்பலூர்,
விய வருஷம், ஐப்பசிக் கடைசி.

மேற்கே பச்சைமலை தொடங்கிக் கிழக்கே அரியலூர் ரயிலடி முடியத் தன் சொல் செல்லும் என்று தானே நம்பிக்கொண்டிருக்கிற சித்தப்பன் நல்லுசாமி, பம்பாயிலிருக்கும் அண்ணன் மகன் சிரஞ்சீவி நடராசனுக்கு நீண்ட ஆயுளும் நல்ல பசியும் உண்டாகட்டும் என்று வாழ்த்தி எழுதியது. இங்கே உன் அம்மா சுகம், உன் சித்தி காத்தாயி சுகம், கறவை மாடு இரண்டும் சுகம், காலஞ்சென்ற உன் அப்பாவின் லாரி மட்டும் உடம்புக்கு முடியாமல் கிடந்து இப்போது தேறியிருக்கிறது. அவ்விடத்துச் சுகம் நீ எழுதியிருந்தாய், வேலை மும்முரம், தலை நிமிர நேரமில்லை என்று. அதைப் படித்துப் பூரித்துக்கொண்டிருக்கும்போதே உன்னோடு அங்கே இருக்கும் நம்மூர் அரியமுத்து பம்பாயிலிருந்து வந்து, சண்டை முடிந்து ராணுவ ஒர்க்‌ஷாப்பில் ஆள் குறைத்ததில் உனக்கும் வேலை போய்விட்டது, ஊரில் முகம் காட்ட வெட்கப்பட்டுக்கொண்டு அங்கேயே திண்டாடுகிறாய் என்று சொல்லிவிட்டான். அவனைத் திட்டாதே, வடையும் காப்பியும் கொடுத்து வாயைப் பிடுங்கியது நான்தான். எங்களுக்கு உன்மேல் துளி வருத்தம் கிடையாது. உலகச் சண்டையையே நிறுத்திவிட்டார்கள், அதோடு சேர்த்து உன் வேலையையும் நிறுத்தினால் அது உன் குற்றமா.

அன்றைக்கே நானும் உன் அம்மாவும் கலந்து முடிவு செய்தோம், பெட்ரோல் பஞ்சத்தில் நிறுத்திப் போட்ட லாரியைக் கிளப்பி உனக்கு இங்கேயே ஒரு பிழைப்பைத் தயார் செய்வதென்று. நம் ஊர்ப் பருத்தியும் கடலையும் அரியலூர் ரயிலடிக்குப் போக வண்டி இல்லாமல் தவிக்கிறது. ஆனால் அரியலூருக்கு வரும் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் இந்த மாதமே வண்டியைக் காட்டிப் பாஸ் வாங்க வேண்டும், தவறினால் பெர்மிட்டு வேறு யாருக்காவது போய்விடும் என்றார்கள். கிணற்றடியில் நின்ற வண்டியைப் போய்ப் பார்த்தால், துரு என்றால் நீ பார்த்த துரு இல்லையப்பா. மட்கார்டைத் தட்டினால் அப்பளமாக நொறுங்குகிறது. கதவைத் திறந்தால் கதவு என்னோடு நடந்து வருகிறது. நாங்கள் சுரண்டிய துருவைக் குவித்திருந்தால் ரஞ்சன்குடிக் கோட்டைக்கு ஜோடியாக இன்னொன்று எழுப்பியிருக்கலாம். மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, மடிப்புகளில் உளியை விட்டுக் கிளறி, செங்கல் துண்டால் இழைத்து, கடைசியில் உப்புத்தாள் போட்டோம். நான் தும்மினால்கூடச் சிவப்பாக வந்தது. வாசலில் நின்ற என்னைச் சாமி வேஷக்காரன் என்று நினைத்து உன் சித்தி முறத்தில் அரிசி கொண்டுவந்துவிட்டாள். ஓட்டை விழுந்த இடத்துக்கெல்லாம் கொல்லர் தகடு வைத்து அடைத்தார். முடிவில் தகரம் வெள்ளித் தாம்பாளம் மாதிரி ஆகி, அதில் பார்த்து நான் மீசை முறுக்கிக்கொண்டேன்.

இங்கேதான் கதை கெட்டது. பெயிண்டு அடிக்க வரவேண்டிய அரியலூர்க் கொளஞ்சி மழையில் பஸ் நின்றுபோய் வரவில்லை. வெறுந்தகரம் ஈரக்காற்றில் நின்றால் மறுபடி துரு ஏறிவிடுமே என்று உன் அம்மாவுக்குக் கவலை. அரிவாளோ தோசைக்கல்லோ ஏர்க்கொழுவோ எதுவானாலும் எண்ணெய் பூசி வைப்பதுதானே நம் வழக்கம். நான் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் செக்கில் ஆட்டி வைத்த நல்லெண்ணெயை எடுத்து, தீபாவளிக்கு உனக்குத் தேய்க்க முடியாமல் போன குறையையும் சேர்த்து, பானெட்டு உச்சியில் மூன்று சொட்டு வைத்து ஆரம்பித்து, பின்பலகை வரைக்கும் சூடு பறக்கத் தேய்த்துவிட்டாள். மறுநாள் கொளஞ்சி வந்து அடிப்பூச்சுப் போட்டால் பெயிண்டு நிற்க மாட்டேன் என்கிறது, திட்டுத் திட்டாய் விலகித் தரையில் போய் நிற்கிறது. விரலால் தொட்டு மோந்து பார்த்துவிட்டு அவன், "ஏங்க, வண்டிக்குப் பெயிண்டு அடிக்கணுமா, இல்ல தாளிக்கணுமா?" என்று கேட்டான். உன் அம்மா சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் வர இரண்டே நாள். என் பிள்ளை பிழைப்பை நானே கெடுத்துவிட்டேனே தம்பி என்று சக்கரத்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான், எண்ணெய் தேய்த்தால் அடுத்தது முழுக்குத்தானே அண்ணி, அழுவானேன் என்று சொல்லிவிட்டு, தெருவில் வீடு வீடாகப் போய் அரப்பும் சீயக்காயும் வாங்கி வந்தேன். அண்டா அண்டாவாக வெந்நீர் போட்டு, லாரிக்கு முதுகு தேய்த்து, அதற்கும் மசியாத இடத்தில் சலவைக்காரரிடம் சோடா உப்பு வாங்கிப் போட்டுக் கழுவினோம். காவிரியே வற்றியிருக்கும், நல்லவேளை அது இந்தப் பக்கம் ஓடவில்லை. சாம்பிராணி போடலாமா என்று உன் சித்தி கேட்டாள், நான்தான் தடுத்தேன். நல்லவேளையாக வெயில் அடித்தது. காய்ந்த பிறகு மேலாக உப்புத்தாள் போட்டுக் கொளஞ்சி மறுபடி பூசினான், பெயிண்டு பிடித்துக்கொண்டது. மேல்பூச்சு பச்சை, நம் குளத்துப் பாசி தோற்றது.

பஸ் ஓட்டுகிற ராசாங்கம் அன்று ஒருநாள் லீவு போட்டு வண்டியை அரியலூருக்கு ஓட்டி வந்தார். உன் அம்மாவும் வருவேன் என்று ஏறிக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் மட்கார்டைத் தட்டினார், கீழே படுத்துப் பார்த்தார், பிரேக்கைப் போடச் சொன்னார். குற்றம் ஒன்றும் அகப்படாமல் கடைசியில், இதை நாளைக்கு ஓட்டப்போவது யார் என்று கேட்டார். ராசாங்கம் பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டிய ஆள், அவரைச் சொல்ல முடியாது. என்னிடம் ஆயிரம் புளுகு எப்போதும் கைவசம் உண்டு, அந்த நேரத்தில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. வேற்று மனிதர் முன்னால் வாய் திறக்காத உன் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் வந்தாள். "எம் மவன் நடராசனுங்க. பம்பாயிலேருந்து வந்துக்கிட்டு இருக்கான்," என்றாள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நடராசா, நான் சொல்வது பொய்யாய்ப் போனால் ஊர் தாங்கிக்கொள்ளும், அதற்குப் பழகிவிட்டது. உன் அம்மா சொன்னது இதுவரை பொய்த்ததில்லை. அவள் கணக்கில் நீ இந்நேரம் ரயிலில் இருக்கிறாய். ஆகையால் இந்தக் கடிதம் பம்பாயில் உன் கைக்குக் கிடைத்தால் அதுவே தப்பு, படித்த இடத்திலிருந்து எழுந்து அந்தத் தப்பைத் திருத்திவிடு.

குலதெய்வம் வழித்துணை இருக்கட்டும். வயிறு காயாமல் வா, டிரைவர் லைசென்ஸை மறந்துவிட்டு வராதே.

உன்னை வளர்த்த பாவத்துக்கும் புண்ணியத்துக்கும் பொறுப்பான,
சித்தப்பன் நல்லுசாமி.