தெருவைக் கேட்டார், சக்கரம் என்றேன்

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்று பிரெஞ்சு ஓரல் டெஸ்ட். 'தெரு' என்பதற்கான சொல்லை மேடம் கேட்டார். அதையும் 'சக்கரம்' என்பதற்கான சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'ரூ'தான். சொல்லும்போதுதான் வேறு. சக்கரத்துக்கு எழுதியபடியே 'ரூ'. தெருவுக்கு உதட்டை 'ஊ' போலக் குவித்துக்கொண்டு, உள்ளே 'ஈ' சொல்ல வேண்டும். ஒரு பிரெஞ்சுக்காரியின் வீடியோவை வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று வாரக்கணக்கில் பழகினேன். போன வாரம் மாங்காடு பஸ்ஸில் வரும்போது அது தானாக வாயில் வந்தது. அப்படியே இன்றும் சொன்னேன்.

"என்னம்மா அது, ரீயா? ரூ! ஒழுங்கா சொல்லு" என்றார் மேடம். அவர் சொன்ன 'ரூ' சக்கரத்துக்கானது.

"மேடம், வீடியோல இப்படித்தான்..."

"அப்போ வீடியோவே உனக்கு மார்க் போடட்டும்."

வகுப்பே சிரித்தது. என் தோழி ஷீபாவும் சிரித்தாள். அந்த ஒலியை அவளுக்கு பஸ்ஸில் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

மேடம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். தெருவைக் கேட்டவரிடம் சக்கரத்தைச் சொன்னேன்.

"இப்போ கரெக்ட்" என்று மார்க் போட்டார்.

திரும்பும்போது ஷீபா, "இன்னாத்துக்குடி அவங்களாண்ட வாதாடிகினு கீற? அவங்க சொல்றதையே சொல்லிட்டு போவியா" என்றாள். கடைசியில் அதைத்தானே செய்தேன்.

சாப்பிடும்போது அம்மா கேட்டாள், "இன்னாடி, இன்னிக்கு கண்ணாடி முன்னாடி நிக்கவே இல்ல? அந்த சத்தம் வந்துடுச்சா?"

"வந்துடுச்சும்மா" என்றேன்.