ஒரு சுவிட்சுக்கா?

நடைக்குப் போன கணவன் திரும்புவதற்குள் கிளம்பிவிட வேண்டும். முகம் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாமல் அவள் எழுதினாள்:

"என்னங்க, வெளிய போனா சாவியை மாடி வீட்டு அக்காகிட்ட குடுத்துட்டுப் போங்க. சாப்பாடு ஃப்ரிட்ஜ்ல, சுட வெச்சுக்கோங்க. பாப்பாவை நீங்கதான் ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வரணும்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். எனக்கு ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க. எங்க ஃபேக்டரி ஃபிட்டரைப் பாக்கணும். நான் இங்க வீட்லேர்ந்து ஸ்கிரீன்ல ஸ்டீம் பைப்போட பிரஷரைப் பாத்துச் சொல்லுவேன், அங்க அவர் வால்வைத் திறப்பார். ரெண்டு வருஷமா நெட் வழியா குரல் பழக்கம்தான். முகம் தெரியாது.

திங்கக்கிழமை 'சோறு ஆறிப்போகுது, வா'ன்னு சிரிச்சுக்கிட்டே ரௌட்டரை அணைச்சீங்களே, அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் நான் அவர்கிட்ட 'திறக்கலாம்'னு சொல்லி முடிச்சிருந்தேன். திடீர்னு பிரஷர் ஏறிச்சு. 'வேணாம், கையை எடுங்க'ன்னு சொல்ல வாயெடுத்தேன், அப்பதான் நெட் போச்சு. அவருக்குப் போய்ச் சேரல. ரெண்டு கையும் வெந்துபோச்சு.

'ஒரு சுவிட்சுக்கா இத்தனை நாளா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே?'ன்னு நேத்து கேட்டீங்க. இதுக்குத்தான்."

சீட்டை ரௌட்டர் சுவிட்சின் மேலேயே ஒட்டினாள். வாசல் வரை போனவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். அடியில் விரற்கடை இடம்தான் மிச்சம். நெருக்கி நெருக்கி எழுதினாள்:

"பாப்பாவுக்கு இருமல் மருந்து மறந்துடாதீங்க. ஆபீஸ்ல நெட் போயிடுச்சுன்னுதான் சொல்லியிருக்கேன். எப்படிப் போச்சுன்னு அங்க யாரும் கேக்கல. அவர் கேட்டா நான் என்னங்க சொல்லட்டும்?"