இடது பெட்டியின் சிவப்பு வயர்

பிரியமுள்ள மாமா,

உங்கள் மகள் சுதாவுக்கு இது எட்டாம் மாதம். பிரசவத்துக்குச் சிட்லபாக்கம் வருகிறாள். நீங்கள் தாத்தா ஆகப்போகிறீர்கள். இந்தக் கடிதத்தை நல்ல செய்தியோடு முடிக்க என்னால் முடியாது. அதனால் நல்ல செய்தியை முதலிலேயே போட்டுவிட்டேன்.

அக்கா நன்றாக இருக்கிறாள் என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். எழுதவில்லை.

இதைப் பத்திரிகையில் வாசிப்பவர்களுக்காக இரண்டு வரி. மாமா என்பவர் என் அக்கா விமலாவின் கணவர். பல்லாவரத்தில் ஒரு தொழிற்சாலையில் வரைபடம் போடும் வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினால் அன்று சாப்பாடு இறங்காது அவருக்கு. நான் பல வருடங்களாக நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். எனக்கு எத்தனை மில்லிமீட்டர் பிசகினாலும் சாப்பாடு இறங்கும்.

எண்பத்தாறில் ஆரம்பித்தோம். நடைபாதைக் கடையில் வாங்கிய ஒரு பழைய வெளிநாட்டுப் பத்திரிகையை வைத்துக்கொண்டு நான் உங்களுக்கு உபதேசம் செய்தேன். மற்றதையெல்லாம் பிறகு ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம், காதில் கேட்பது ஸ்பீக்கர்தான், ஆகவே முதலில் இரண்டு நல்ல ஸ்பீக்கர் என்றேன். படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினீர்கள். உங்களிடம் இருந்த ஒரே மூடநம்பிக்கை அதுதான்.

ஸ்பீக்கரை மாட்டும் பெட்டிக்கு நீங்களே வரைபடம் போட்டீர்கள். அஸ்தினாபுரத்து ஆசாரி அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இன்னா சார், கதவும் இல்ல, தட்டும் இல்ல. உள்ள இன்னாத்த வெக்கப்போற?"

"காத்துப்பா" என்றீர்கள்.

ஆசாரி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "காத்துக்கு முக்கா இஞ்ச் பிளைவுட்டா? நடத்து சார்" என்று பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

பெட்டி வந்தது. வீட்டில் இருந்த டேப் ரெக்கார்டரில் வயரைக் கோத்து முதல் பாட்டு போட்டோம். பாடகியின் குரல் கூடம் முழுக்கப் பரவி நின்றது. எங்கிருந்து வருகிறது என்று விரலை நீட்டிக் காட்ட முடியவில்லை. எதிர்வீட்டு சார்கூட வந்து சுவரையெல்லாம் பார்த்துவிட்டு, "எங்கேருந்து வருதுன்னே தெரியலையே சார்!" என்றார். "அதுதான் சார் ஸ்டீரியோ" என்று நான் விளக்கினேன். ஒரு கோளாறை இவ்வளவு தெளிவாக விளக்கிய ஆள் தாம்பரம் வட்டாரத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.

ஆனால் உங்கள் காது ஏமாறவில்லை. மூன்றாம் நாளே சொன்னீர்கள்: "ரகு, எல்லாம் சரி. அடி இல்லடா. மிருதங்கம் அடிக்கிறான், இடது பக்கத் தொப்பி கேக்கவே இல்ல. மேசையைத் தட்டுற மாதிரி இருக்கு."

அந்த அடியைத் தேடித்தான் மாமா ஆறு வருடம் போனது.

டேப் ரெக்கார்டருக்குத் தெம்பு இல்லை என்று நான் ஒரு ஆம்ப்ளிஃபயர் கட்டித் தந்தேன். அடி வரவில்லை. கேசட் ஓடுவதில் குறை என்று நல்ல கேசட் டெக் வாங்கினீர்கள். வரவில்லை. நம் பக்கத்து வோல்டேஜின் லட்சணம் தெரிந்ததுதானே என்று ஸ்டெபிலைசர் வந்தது. ஈக்வலைசர் வந்தது. பெட்டிக்குக் கீழே கடப்பைக் கல் வந்தது. உள்ளே அடைக்க இலவம் பஞ்சு போதவில்லை என்று நான் சொல்ல, அக்காவின் தலையணை ஒன்று காணாமல் போனது. "இந்த வூட்ல தலைக்கு வெச்சுக்க ஒண்ணுமில்ல, ஸ்பீக்கர் மட்டும் மெத்தைல தூங்குது" என்று அவள் ஆசாரி பாஷையில் பழித்துக்காட்டினாள். நீங்கள் சிரித்தீர்கள். ஒவ்வொரு சாமான் வந்தபோதும் நோய் இன்னதென்று சொன்னவன் நான். ஒருமுறைகூட வைத்தியனைச் சந்தேகிக்கத் தோன்றவில்லையா உங்களுக்கு?

கடைசியாக ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் பெரிய பவர் ஆம்ப்ளிஃபயரைக் காட்டினார். "உங்க ஸ்பீக்கருக்குப் பசி சார். சோறு போடாம பாடுன்னா எப்படிப் பாடும்?" என்று கேட்டார். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். "வாட்ஸ்தான் மாமா போதல" என்றேன். அந்த ஒரு வரியை நான் இந்த ஏழு மாதமாக வாய்க்குள் வைத்துக்கொண்டிருக்கிறேன். துப்பவும் முடியவில்லை.

அதை எடுத்துவர நானும் கூட வருவதாக இருந்தது. தீபாவளி மலருக்கு ஒரு நகைச்சுவைக் கட்டுரை பாக்கி இருந்தது. நீங்கள் தனியாகப் போனீர்கள். பதினெட்டுக் கிலோ. அதில் பெரும்பகுதி டிரான்ஸ்ஃபார்மர். சானடோரியம் ரயில் ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதிப் படி ஏறியதும் பெட்டியை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தீர்களாம். பார்த்தவர்கள் சொன்னார்கள். பிறகு எழுந்திருக்கவில்லை.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது ஓர் ஆட்டோக்காரர். உங்கள் சட்டைப்பையில் இருந்த விலாசத்தைப் பார்த்து வந்திருக்கிறார். வாசலில் இறக்கும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. "இன்னா கனம் சார் இது! இத்த தூக்கிகினு அவ்ளோ படி ஏறிகீறாரே மனுஷன்... யாரும் கூட வர்லியா?"

வரவில்லை என்றேன். அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இனி உங்களுக்குத் தெரியாத பகுதி.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிட்டாள். கூடத்தில் தொட்டில் கட்ட இடம் வேண்டும், பெட்டிகளை ஓரமாக நகர்த்து, முன்துணியைக் கழற்றிக் கொடு, துவைத்துப் போடுகிறேன் என்றாள். துணிகளைக் கழற்றினேன். நகர்த்தும்போது வயர் ஏதாவது விட்டுப்போயிருக்குமோ என்று டார்ச் செல் ஒன்றை எடுத்து இரண்டு முனையிலும் தொட்டுப் பார்த்தேன். உயிர் இருந்தால் 'கட்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். வலது பெட்டி 'கட்' என்றது. காகிதக் கூம்பு முன்னால் வந்தது. இடது பெட்டியும் 'கட்' என்றது. கூம்பு பின்னால் போனது.

செல்லைத் திருப்பிப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுபடி தொட்டேன். பத்துத் தடவையாவது தொட்டிருப்பேன்.

ஆறு வருடமாக ஒரு பெட்டி காற்றைத் தள்ளும்போது இன்னொன்று அதை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. இது தந்ததை அது தின்றுவிட்டது. குரல் இடம் தெரியாமல் அலைந்ததும் அதனால்தான், அடி இல்லாமல் போனதும் அதனால்தான். எவ்வளவு பெரிய ஆம்ப்ளிஃபயர் வந்தாலும் தின்பதும் அந்த அளவுக்குப் பெரிதாகியிருக்கும், வேறொன்றும் நடந்திருக்காது. இடது பெட்டிக்குள் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் இடம் மாறியிருந்தன. ஈயம் வைத்துப் பற்றவைத்தவன் நான்.

பின்பலகையைக் கழற்றிப் பஞ்சை விலக்கினேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன்.

ஸ்பீக்கர் வாங்கி வந்த மறுநாள் ஆயுதபூஜை. நினைவிருக்கிறதா? இன்னும் பெட்டியில் மாட்டவில்லை. அக்கா இரண்டையும் உங்கள் டிராயிங் கருவிகள், என் டைப்ரைட்டர், அரிவாள்மனை எல்லாவற்றோடும் வரிசையாகக் கவிழ்த்துவைத்து, பின்புறக் காந்தத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். எந்த முனையில் சிவப்பு வயர் வரவேண்டும் என்று காட்டத் தொழிற்சாலைக்காரன் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி வைத்திருப்பான். ஒன்றில் அந்தப் புள்ளியைச் சந்தனம் மூடிவிட்டது. குங்குமம் எதிர்முனைக்குப் பக்கத்தில் விழுந்திருந்தது. நான் பற்றவைப்பானைக் கையில் எடுத்தபோது சிவப்பாக ஒன்று தெரிந்தது. அதுதான் என்று வைத்துவிட்டேன். தேய்த்துப் பார்க்கவில்லை. எதையும் தேய்த்துப் பார்க்காமல் எழுதுகிறவன்தானே?

அடுக்களையில் காபி ஆற்றும் சத்தம் கேட்டது. அக்கா இதைப் பார்த்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். டெக்கின் ஹெட் துடைக்கிற திரவம் பக்கத்தில் இருந்தது. பஞ்சில் நனைத்துக் குங்குமத்தையும் சந்தனத்தையும் சுத்தமாகத் துடைத்தேன். பலகையை மூடினேன். காபி குடித்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன்.

வயரை மட்டும் மாற்றவில்லை. மாற்றிவிட்டால் பாட்டு சரியாகிவிடுமே மாமா! இரண்டு நிமிட வேலையில் சரியாகிற ஒன்றுக்காக நீங்கள் போனீர்கள் என்று என் காதாலேயே கேட்க வேண்டும். அந்தத் தைரியம் எனக்கு இல்லை.

மூன்று வாரம் எதையும் எழுத முடியவில்லை. பத்திரிகை ஆசிரியர் ஆள் அனுப்பினார். உடம்பு சரியில்லை என்றேன். கண்ணாடியில் பார்த்தால் உடம்பு நன்றாகவே இருந்தது, அது இன்னும் எரிச்சல். நான்காம் ஞாயிறு காலையில் போய் அக்காவிடம் சொல்லிவிட்டேன். "அக்கா, ஸ்பீக்கர்ல வயர நான் மாத்தி வெச்சுட்டேன். ஆரம்பத்துலேருந்தே தப்பு. ஆம்ப்ளிஃபயர் தேவையே இல்ல."

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது. கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு, "காட்டு" என்றாள்.

இடது பெட்டியைத் திறந்து காட்டினேன். குனிந்து பார்த்தாள். "அதையும் திற" என்றாள்.

"அது சரியாத்தான்கா இருக்கு."

"திறடா."

திறந்தேன். வலது பெட்டியின் காந்தத்தில் ஆறு வருடத்துக் குங்குமம் அப்படியே இருந்தது. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அக்கா இரண்டையும் மாறிமாறிப் பார்த்தாள். மாமா, ஒன்றைத் துடைத்தவன் இன்னொன்றையும் துடைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பொய்யைக்கூட ஒழுங்காக முடிக்கத் தெரியாதவன்.

"ரெண்டுக்கும்தானே வெச்சேன். இதுல எங்க?"

அவள் விரலை நீட்டி, குங்குமம் இருந்த இடத்தைத் தொட்டாள். சரியாக அங்கேயே. அந்த முனையில் சிவப்பு வயர் இருந்தது. அவள் ஒன்றும் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள் இல்லை. ஆனால் முப்பது வருடமாக எனக்கு அக்கா.

"இதைப் பாத்துட்டா வெச்ச?"

"ம்."

"அழிச்சது?"

"நான்தான். நீ பாக்கக்கூடாதுன்னு..."

"நான் பாக்கக்கூடாது. நீ மட்டும் சுமந்துட்டு பெரிய மனுஷனாயிடுவ." அழவில்லை. திட்டவும் இல்லை. "மாத்து" என்றாள்.

"அக்கா, உன் மேல எந்தத் தப்பும்..."

"மாத்துன்னு சொல்றேன் இல்ல?"

பற்றவைப்பான் சூடாகும்வரை இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். மாற்றினேன். உங்கள் பதினெட்டுக் கிலோ மூலையில் அட்டைப்பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. அக்கா அதன் பக்கம் திரும்பவில்லை. நான் கட்டிய பழைய சின்ன ஆம்ப்ளிஃபயரிலேயே போட்டோம். டெக்கில் நீங்கள் கடைசியாகக் கேட்டுவிட்டு எடுக்காமல் விட்ட கேசட் இருந்தது.

அடி வந்தது மாமா. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. உட்கார்ந்திருந்த தரை வழியாக ஏறி வந்தது. பாடுகிறவள் குரல் சுவரில் எல்லாம் அலையாமல் இரண்டு பெட்டிக்கும் நட்டநடுவில் வந்து நின்றுகொண்டது. எதுவுமே இல்லாத இடத்தில், ஓர் ஆள் உயரத்தில். நீங்கள் இருந்திருந்தால் "நிறுத்து நிறுத்து, முதல்லேருந்து போடு" என்று கத்தியிருப்பீர்கள்.

அக்கா ஒரு பாட்டு முழுக்கக் கேட்டாள். முடிந்ததும் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: "இவ்ளோதானா ரகு?"

என்ன சொல்ல? நீங்களாவது சொல்லுங்கள். ஆமாம், இவ்வளவுதான் என்பதா? உன் குங்குமமும் என் அவசரமும் அவர் நம்பிக்கையும் சேர்ந்து இவ்வளவுதான் என்பதா? வாக்கியம் விற்றுப் பிழைக்கிறவன் நான். கை நீட்டி டெக்கை அணைத்தேன். அவள் எழுந்து போய், பாதியில் விட்ட கீரையை ஆய்ந்தாள்.

அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. நான் போனால் கதவைத் திறக்கிறாள், காபி தருகிறாள், உள்ளே போய்விடுகிறாள். சர்க்கரை போதுமா என்றுகூடக் கேட்பதில்லை. என் மேல் கோபம் என்றால் தாங்கிக்கொள்வேன். அவள் தன் மேல் கோபமாக இருக்கிறாளோ என்று பயமாக இருக்கிறது. அதைக் கேட்கவும் வழியில்லை. நான் வாய் திறந்து ஆறுதல் சொன்னால் அதுவும் ஏதோ ஒரு பழைய பத்திரிகையில் படித்துச் சொல்கிற மாதிரிதான் இருக்கும்.

ஆகவே மாமா, உங்களிடம் ஒன்று சொல்லிவைக்கிறேன். அவளுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். யார் தப்பு எவ்வளவு என்று பங்கு பிரிக்க மாட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் போவேன். குழந்தை பிறந்த பிறகும் போவேன். அக்கா ஒருநாள் பொறுக்க முடியாமல் என்னைக் கண்டபடி திட்டுவாள் அல்லவா, அதுவரைக்கும் போய் அந்தத் தரையில் உட்கார்ந்திருப்பேன். திட்டின பிறகும் எழுந்து வரமாட்டேன்.

உங்கள் விமலாவின் தம்பி,
ரகு