தண்ணித் தொட்டிக்குள் இறங்கினவர்கள்

சேசு மரி சூசை துணை

குளச்சல்
1951 ஆகஸ்டு 27

அன்பு மகள் விக்டோரியாவுக்கு அப்பா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. மாதாவின் காவலில் நீ பம்பாயில் நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறோம். இங்கே நானும் அம்மாவும் உன் தம்பி அல்போன்ஸும் உயிரோடு இருக்கோம் மக்கா, சுகம் என்று எழுத மட்டும் கை வரவில்லை. உன் போன கடிதத்துக்குப் பதில் போடாதது கோபத்தினால் இல்லை, அப்படி ஏதும் நினைத்துவிடாதே. இதை உட்கார்ந்து படி. உன் தம்பிக்கு இப்போ உயிருக்கு ஒண்ணும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிட்டேன், மனசைப் பிடித்துக்கொண்டு மீதியைப் படி.

நம்ம பத்தேமாரிக் கப்பலை இந்த மழைக்காலத்துக்கும் வழக்கம்போல பாய் இறக்கி தேங்காப்பட்டணம் ஆத்துவாயில் கட்டிப் போட்டிருந்தோம். மேல்தட்டுக்குக் கீழே இருக்கே அந்த இரும்புத் தண்ணித் தொட்டி, கொச்சியில் உடைத்த கப்பலிலிருந்து நான் வாங்கி வந்து வைத்தது, அது போன தடவை கொழும்புக்குப் போகிற வழியிலேயே ஒழுகிவிட்டது. பாதித் தண்ணி அடித்தட்டுக்குப் போய் கருவாட்டு மூட்டையெல்லாம் நனைந்து, ஆட்கள் நாக்கு வறண்டுதான் கரை கண்டோம். அதனால் கடல் தெளிந்து பாய் ஏற்றுமுன்னே அதை அடைத்துவிட வேண்டும் என்று புதுக்கடையில் கொல்லப்பட்டறை வைத்திருக்கும் குமாரதாஸைக் கூட்டி வந்தேன். உனக்கு அவனைத் தெரியாது. நல்ல தடித்த உடம்பு, வாய் ஓயாமல் பேசுவான், தன் பேச்சுக்குத் தானே சிரிப்பான். லண்டன் மிஷன் சபைக்காரன். போன வருசம்தான் கல்யாணம், பெண்சாதி பேர் நேசம்மாள், வயிற்றில் பிள்ளை. அவன் தொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, அடி மூலையில் ரிவிட்டெல்லாம் துரு தின்னுபோச்சு, உள்ளே துருவைச் சுரண்டி எடுத்தால்தான் புதுத் தகடு வைத்து அடிக்க முடியும் என்றான். தகட்டை வெட்டித் துளையும் போட்டுக் கொண்டுவந்தான். மூடியைக் கழற்றினோம். மழை தொடங்கினதிலிருந்து பூட்டிக் கிடந்தது, அடியில் கொஞ்சம் பழைய தண்ணி, துரு வாடை, அவ்வளவுதான். தொட்டியின் வாய் குறுகல், அல்போன்ஸ்தான் நான் மெலிஞ்சவன் நானே இறங்கிச் சுரண்டுகேன்ணு சொல்லிச் சுரண்டியை வாங்கிக்கொண்டு இறங்கினான். நான் பக்கத்தில்தான் நின்றேன். இறங்கினதும் சுரண்டி தகட்டில் விழுந்த சத்தம் கேட்டது, அப்புறம் சத்தமே இல்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. குனிந்து பார்த்தால் என் பிள்ளை அந்தத் தண்ணியிலே சுருண்டு கிடக்கான்.

நான் இறங்கப் போனேன் மக்கா. குமாரதாஸ் என் தோளைப் பிடித்து இழுத்து, காற்று கெட்டுக் கிடக்கு, உங்களால பிள்ளையைத் தூக்க முடியாது, தள்ளுங்க என்றான். சிரிக்கிற முகம் அப்போ சிரிக்கவில்லை. மூச்சை நெஞ்சு நிறைய இழுத்துப் பிடித்துக்கொண்டு அந்தக் குறுகல் வாயில் தோள்பட்டைத் தோல் உரிய உரிய உடம்பைத் திணித்து இறங்கினான். அல்போன்ஸைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி வாய்க்கு நேராக நீட்டினான். நானும் கிழவன் ஏசுஅடிமையும், நம்ம கப்பலின் பழைய கலாசி, உனக்குத் தெரியும், கையையும் தலைமயிரையும் பிடித்து வெளியே இழுத்தோம். உன் தம்பி முழுசாக வெளியே வரும்வரைக்கும் கீழேயிருந்து அவன் கை தாங்கிக்கொண்டே இருந்தது. பிறகு அந்தக் கை இல்லை. கயிறு போட்டோம், கொக்கி போட்டோம், அவன் உடம்பு அந்த வாய் வழியாக ஏறவில்லை. கடைசியில் அவனுடைய உளியையும் சம்மட்டியையும் எடுத்து மேல்தகட்டை வெட்டித் திறந்துதான் எடுத்தோம். அதற்குள் எல்லாம் முடிந்துபோச்சு. அல்போன்ஸ் மேல்தட்டில் மழையில் நனைந்து கிடந்து வாந்தியெடுத்துக் கண் முழித்தான், பக்கத்திலே குமாரதாஸைக் கிடத்தினோம்.

ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார், பூட்டிக் கிடக்கிற இரும்பு துருப்பிடிக்கும்போது உள்ளே இருக்கிற நல்ல காற்றையெல்லாம் தின்றுவிடுமாம், வாடையும் இராதாம், இறங்கினவன் அப்படியே விழுவானாம். இத்தனை வருசம் கடலில் கிடந்தும் எனக்கு இதைச் சொல்ல ஒரு ஆள் இல்லை. ஊரில் அது சண்டையில் ஆள் செத்த கப்பலின் தொட்டி, உள்ளே பேய் இருக்கு என்று பேசுகிறார்கள். குமாரதாஸ் அடக்கத்துக்கு அவர்கள் கோயிலுக்கு உள்ளேயே போய் நின்றேன். நம்ம சாமியார் காதுக்குப் போனால், வேற சபைக் கோயிலுக்குள் ஏன் போனாய் என்று கூப்பிட்டுக் கேட்பார், கேட்கட்டும். அல்போன்ஸை நினைத்தால்தான் பயமாக இருக்கு. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போகிறான், அம்மா என்னலே என்று கேட்டால் ஒண்ணுமில்லை என்கிறான், நான் இழுத்துப் பேசினால் ஏன் அப்பா அவரை இறங்க விட்டீயண்ணு ஒரே கேள்வி. இறங்க விட்டதால்தான் நீ இருக்கே என்று எந்தத் தகப்பன் மகனிடம் சொல்லுவான்.

அந்தத் தொட்டியைக் கழற்றி ஆழக்கடலில் தள்ளிவிடுவது என்று முடிவு செய்து, நேசம்மாளிடமும் சொல்லிவிடுவோம் என்று நானும் அம்மாவும் போனோம். அந்தப் பிள்ளை சுவரில் சாய்ந்து இருந்து எல்லாம் கேட்டுவிட்டு, தள்ளவேண்டாம் என்றாள். அவரு எடுத்துட்டு வந்த வேலை, ஓட்டையை அடைக்காம போட்டா அவரு சும்மா செத்த மாதிரி ஆகும், முடிச்சிருங்க என்றாள். வீட்டில் வந்து சொன்னதும் அல்போன்ஸ் எழுந்து சட்டை போட்டான். இந்தத் தடவை வெட்டின தகடும் வாயும் நாள்கணக்கில் திறந்தே கிடந்தது, டாக்டர் சொன்னபடி விளக்கைக் கொளுத்திக் கயிற்றில் இறக்கிப் பார்த்தோம், அணையாமல் எரிந்தது. ஆனாலும் அவன் இடுப்பில் கட்டின கயிறு என் கையைவிட்டுப் போகவில்லை. அம்மா கரையிலே முழங்காலில் நின்று செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து அவன் சுரண்ட, குமாரதாஸ் துளைபோட்டு வைத்த தகட்டையே வைத்து, பழைய கான்வாசில் எண்ணெயில் குழைத்த சிவப்பு ஈயப்பொடியைத் தடவி நடுவில் கொடுத்து, வெளியேயிருந்து வேறொரு கொல்லன் ரிவிட்டு அடித்தான். வெட்டின மேல்தகட்டையும் மூடினோம். தண்ணி நிரப்பிப் பார்த்ததில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஒருத்தர் முகத்திலும் சந்தோசம் இல்லை. ஏசுஅடிமை சிலுவை போட்டுக்கொண்டு ஒரு செம்பு குடித்தான். அல்போன்ஸ் வாயில் வைக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

அம்மாவுக்குக் கால்வீக்கம் இன்னும் வற்றவில்லை, நீ எழுதின மருந்தைச் சாப்பிடுகிறாள். அங்கே மழையென்றால் ரோடெல்லாம் வெள்ளமாமே, ஈரத்தோடு ஆஸ்பத்திரி டூட்டிக்கு நிற்காதே, காய்ச்சல்காரர்களைத் தொட்ட கையோடு சாப்பிட உட்காராதே. தம்பிக்கு இரண்டு வரி தனியாக எழுது, இந்தக் காரியத்தைப் பற்றி ஒன்றும் கேட்காதே.

இனி முக்கியமான காரியம். நேசம்மாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றைத்தான் கேட்கிறாள், அவரு ரொம்பத் தவிச்சாராண்ணு. இல்லை பிள்ளே, தூங்குற மாதிரி போயிட்டான் என்றேன். நீங்க வெளியேதானே நின்னீங்க, உங்களுக்கு எப்படித் தெரியும் என்றாள். அல்போன்ஸும் போய்ச் சொன்னான், எனக்கு மூச்சு முட்டவே இல்லை அக்கா, காலு என் காலா இல்லாமப் போச்சு, அவ்வளவுதான் ஓர்மையில இருக்கு என்று. அதற்கு அவள், நீ தெரியாம இறங்கினே, அவரு தெரிஞ்சு மூச்சைப் பிடிச்சுக்கிட்டுல்லா இறங்கினாரு, பிடிச்ச மூச்சை விடும்போது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேட்டாள். நீ படித்தவள், பெரிய டாக்டர்கள் கூட நிற்கிறவள். கேட்டு எழுது மக்கா.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், அம்மாவும் நானும் உன் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கிறோம். மறந்துவிடாதே, நேசம்மாளுக்கு அடுத்த மாசம் பேறுகாலம், அதற்கு முன்னே பதில் வந்து சேரவேண்டும். பதில் நல்லதாக இருந்தால் அவள் பேருக்கே எழுது, புதுக்கடை கொல்லப்பட்டறை என்று போட்டால் கிடைக்கும். நல்லதாக இல்லை என்றால் எனக்கு மட்டும் எழுது.

இப்படிக்கு
உன் அப்பா
மரியஜான்